சாணி பூசிய வேம்பு

அன்றைக்கு மரத்தண்டை யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மாமனார். கெடாரிலிருந்து மரம் அறுக்க வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். ஆக நாலு பேர். விழுப்புரத்து ஆசாரி உச்சிவெயிலுக்கு மேல்தான் வந்து சேர்ந்தார். அவரைச் சேர்த்தால் ஐந்து. பிற்பாடு எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து பேர் தாங்களும் அங்கே நின்றதாகவும், அப்படி அறுக்காதே என்று எனக்கு எடுத்துச் சொன்னதாகவும் பேசிக்கொண்டார்கள். அவர்கள் ஒருவரும் இல்லை. எல்லாரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போயிருந்தார்கள். என் பெண்சாதியும் இல்லை. அவள் பிரசவத்துக்கு வானூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவளையும் பிள்ளையையும் திருப்பி அழைத்துவருவதற்காகத்தான் அந்த மரத்தையே அறுத்தோம்.

எங்கள் வீடு திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற பாதையில் இருந்தது. மண்சுவர், மேலே கூரை, வாசலுக்கு ஓலைத் தட்டி. ஏழாம் மாசத்தில் மகளை அழைத்துப்போக மாமனார் வந்திருந்தபோது, எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே ஒரு நாய் தட்டியைத் தலையால் முட்டி நகர்த்திக்கொண்டு வந்து, கேப்பைக் களியில் வாயை வைத்துவிட்டது. மாமனார் அதை விரட்டவில்லை. அது தின்று முடித்து வெளியே போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபம் ஒன்றும் இல்லாமல், அரிசி விலை பேசுகிற மாதிரிச் சொன்னார்: "மாப்ளே, கதவு போட்டுட்டு ஆளு அனுப்பு. பொண்ணையும் புள்ளையையும் அப்பதான் அனுப்புவேன்."

கதவு என்றால் பலகை. பலகை என்றால் மரம். நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். மண்டி முதலாளியின் கொல்லையில் ஒரு வேம்பு காற்றில் சாய்ந்து கிடந்தது. அதன் அடித்துண்டு ஏழடி நீளம். கட்டிப்பிடித்தால் இரண்டு கை விரல்களும் தொட்டுக்கொள்ளும், அவ்வளவு பருமன். அதை எனக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மாசம் பாதிக் கூலி பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். சரி என்றேன். அது லாபமா நஷ்டமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மரம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மண்டிக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் இரண்டு முனைகளையும் பார்ப்பேன். வெயிலில் முனையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு கண்டது. மறுநாள் அது நீண்டிருக்கிறதா, அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா என்று விரல் வைத்து அளப்பேன். நேற்றைய விரல் அளவு மறந்துபோயிருக்கும்.

ஆசாரிக்கு விழுப்புரத்தில் ஒரு மரவாடியில் வேலை. மாசத்துக்கு இரண்டு மூன்று நாள் ரயிலேறித் திண்டிவனம் வந்து வீட்டு வேலைகள் எடுப்பார். அறுப்பதற்கு முந்தின நாள் வந்து மரத்தைப் பார்த்தார். நீட்டுவாக்கில் பார்க்கவே இல்லை. முனையில் வந்து குந்திக்கொண்டு அங்கேயே பார்த்தார். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வளையம் வளையமாக ரேகைகள், வெளியோரத்தில் வெளுத்துப்போன வெளிறு. புள்ளியைக் காட்டி, இதுதான் நெஞ்சு, இது எந்தப் பலகையிலும் வரக்கூடாது, வந்தால் பலகை வெடிக்கும் என்றார். பிறகு ஒரு துண்டுக் கரியை எடுத்து முனையில் கோடு போட ஆரம்பித்தார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின அளவுக்கு எழுதுகிறேன். மரத்தை ரொட்டி அறுக்கிற மாதிரி மேலிருந்து கீழே வரிசையாக அறுத்தால் பலகை அகலமாக வரும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்தப் பலகையின் முனையைப் பார்த்தால் வளையங்கள் வில் மாதிரிப் படுத்திருக்கும். காயும்போது அது வளையும். அப்படியில்லாமல் முதலில் நெஞ்சோடு பிளந்து நாலு கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் நெஞ்சைப் பார்த்தாற்போல அறுத்தால் பலகை குறுகலாகத்தான் வரும்; ஆனால் முனையில் ரேகைகள் செங்குத்தாக நிற்கும். அது வளையாது. "பலகையோட முகத்தைப் பாத்து மயங்காத. முனையப் பாரு. ரேகை நிக்கணும், படுக்கக்கூடாது. வெளங்குதா?" என்றார்.

விளங்கியது என்றேன். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் கேட்டபோதெல்லாம் அப்படித்தான் சொல்லுவேன். விளங்கவில்லை என்றால் எழுந்து நிற்கச் சொல்லுவார். அந்த வருஷமே மாடு மேய்க்க நின்றுவிட்டேன். ஆனால் அந்தப் பதில் மட்டும் என்னோடு வந்துவிட்டது.

ஆசாரி மாலை ரயிலுக்குப் போனார். காலையில் முதல் வண்டிக்கு வந்துவிடுவதாகவும், வராவிட்டாலும் கோடு இருக்கிறது, அறுப்புக்காரர்களுக்கு அது போதும் என்றும் சொன்னார். அவர் போனதும் நான் வெடிப்பைப் பார்த்தேன். அது நெஞ்சுவரை வந்துவிட்டாற்போல இருந்தது. மரத்தின் முனையில் சாணி பூசினால் வெடிப்பு நிற்கும் என்று மண்டியில் யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஒரு கூடைச் சாணி கொண்டுவந்து தண்ணீர் விட்டுக் குழைத்து, இரண்டு முனையிலும் கனமாகப் பூசிவிட்டேன். பூசும்போது எனக்கு நல்ல நிம்மதியாக இருந்தது. கோடுகளின் நினைவே வரவில்லை.

காலையில் கெடார் அண்ணன் தம்பி வந்தார்கள். பெருக்கல் குறி போலக் கழிகளைக் கட்டி நிறுத்தி, மரத்தை அதன்மேல் ஏற்றினார்கள். அண்ணன் மரத்தின்மேல் ஏறி நிற்பார், தம்பி கீழே நிற்பார். ரம்பத்தை மேலே ஒருவர் கீழே ஒருவர் இழுப்பார்கள். அறுப்புத் தூள் முழுக்கக் கீழே இருப்பவர் முகத்தில்தான் விழும். தம்பி முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே என்னிடம், "வேப்ப மரம்னா கசப்பு எனக்கு, கூலி எங்கண்ணனுக்கு" என்றார். அண்ணன் சாணியைக் கழுவச் சொன்னார். நான்தான் கழுவினேன். சாணி போனது. கரியும் போனது. முனை புதிதாக அறுத்தது போலச் சுத்தமாக இருந்தது.

"கோடு எங்கங்க?" என்றார் அண்ணன்.

எனக்கு நாலு கூறு என்பது நினைவிருந்தது. கூறுக்குள்ளே கோடுகள் எப்படிப் போயின? ஒரு பக்கத்துக்கு ஒத்தாற்போலவா, இல்லை எல்லாம் நெஞ்சை நோக்கி விசிறி மாதிரியா? இரண்டு கூறில் ஒரு விதமாகவும் மற்ற இரண்டில் வேறு விதமாகவும் போட்டாரோ? நான் உள்ளே போய் ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்துவந்து, வாசலில் உட்கார்ந்து நாலாக அறுத்துப் பார்த்தேன். ஒரு கூறைக் குறுக்கே சீவினேன். ஒரு கூறை நடுவைப் பார்த்துச் சீவினேன். மடல் கழன்று கழன்று விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். அண்ணன் மரத்தின்மேல் நின்றபடியே, "வெங்காயத்துக்கு நாங்க கூலி வாங்கறதில்லீங்க" என்றார்.

அந்த நேரத்தில்தான் மாமனார் வந்தார். திண்டிவனத்தில் உறவுக்காரர் வீட்டில் படுத்திருந்து, அறுப்பைப் பார்ப்பதற்கென்றே காலையில் நடந்து வந்திருந்தார். பிள்ளை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது; ஆண் பிள்ளை, நல்ல நிறை என்று சொல்லிவிட்டு, உடனே மரத்தைச் சுற்றி வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அதில் குழப்பம் ஒன்றும் தெரியவில்லை. "இவ்வளோ பெரிய மரத்த நாலா கூறு போட்டு விசிறிக் காம்பு மாதிரி பலகை எடுக்கறதா? வரிசையா அறு மாப்ளே. ரெண்டே பலகைல கதவு முடிஞ்சிடும். நடுவுல ஒரே மூட்டு. புள்ளக்கு ஊதக்காத்து படாது" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அறுப்புக்கூலி நாள் கணக்கு இல்லை. ரம்பம் ஓடின பரப்புக்குத்தான் கூலி. சதுர அடிக்கு அரையணா பேசியிருந்தோம். அண்ணன் நிதானமாகச் சொன்னார்: நாலாக அறுத்தால் ரம்பம் அதிகம் ஓடும், கூலி ஏறும், கழிவும் ஜாஸ்தி. வரிசையாக அறுத்தால் உங்களுக்குச் செலவு கம்மி. எப்படிச் சொன்னாலும் அறுக்கிறோம்.

இது எனக்கு இன்னும் பேஜாராகிவிட்டது. கூலி குறைகிற வழியை ஒருவன் தானே எதற்குச் சொல்லுகிறான்? ஒருவேளை வரிசையாக அறுப்பது அவர்களுக்குச் சுலபமோ? மறுநாள் மயிலத்தில் வேலை இருக்கிறது, ஜல்தியாக முடிக்க வேண்டும் என்று வரும்போதே சொல்லியிருந்தார்கள். அதற்காகவோ? இல்லை, அவர் உண்மையாகவே என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரோ? ரேகை நிற்க வேண்டும் என்று ஆசாரி சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் ஆசாரி வரவில்லை. முதல் வண்டி போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பெண்ணைத் தரவேண்டியவர் மாமனார். கதவைப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டியவரும் அவர்தான். அவருக்குப் பிடிக்காத கதவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"மாமா சொல்றபடியே அறுங்க" என்றேன்.

அண்ணன் மரத்தின்மேல் ஒரு வில்லை கற்பூரம் ஏற்றித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமனார் தன் பங்குக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கரித்தண்ணீரில் நனைத்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினார்கள். மரத்தின் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. ரம்பம் ஓடியது. முதலில் பட்டையோடு ஒரு தோல்துண்டு கழன்றது. அடுத்து வந்ததுதான் முதல் பலகை. அதைத் தரையில் போட்டதும் மாமனார் குந்தித் தடவிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவ்வளவு அழகு. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை என்று சிவப்பாக ரேகைகள் அடுக்கியிருந்தன. முகத்தைப் பார்த்து மயங்காதே என்று ஆசாரி சொன்னது இதைத்தானோ என்று சந்தேகம் வந்தது. முனையைத் திருப்பிப் பார்த்தேன். வளையங்கள் படுத்திருந்தன. படுத்திருக்கின்றனவா, கொஞ்சம் சாய்ந்திருக்கின்றனவா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே இரண்டாம் பலகையும் கழன்று விழுந்தது. அது முதலதைவிட அகலம்.

மூன்றாவதுக்கு நூல் சுண்டும்போது ஆசாரி கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முதல் வண்டியைத் தவறவிட்டாராம். ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். ஒரு பலகையின் முனையைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். மரத்தின் முனையைப் பார்த்தார்.

"கோட்ட யாரு அழிச்சது?"

நான்தான், சாணி பூசினேன் என்றேன்.

"எதுக்கு?"

"வெடிச்சிடுமோன்னு பயந்துகினுங்க."

அவர் கருவிப் பையைக் கீழே இறக்கி வைத்தார். "முனைக்கு சாணி பூசறது நல்ல வேலதாம்பா. நானே சொல்லியிருக்கணும். ஆனா கோட்டு மேலயா பூசுவ?" என்றார். நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கு அதிலிருந்து தெரியவில்லை.

மாமனாருக்கும் ஆசாரிக்கும் வாக்குவாதம் வந்தது. மாமனார் தன் ஊரில் பார்த்த அகலப் பலகைக் கதவுகளை எல்லாம் எண்ணிச் சொன்னார். அவை நன்றாகக் காய்ந்த தேக்கு என்று ஆசாரி சொன்னார். மரம் மரம்தானே என்றார் மாமனார். அப்போது கீழே இருந்த தம்பி துண்டை அவிழ்த்து வாயிலிருந்த தூளைத் துப்பிவிட்டு, "நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள மரமே காஞ்சிடும்" என்றார். அதற்கு மாமனாரே சிரித்துவிட்டார்.

மிச்சம் இருந்த மரத்தில் நெஞ்சு இன்னும் முழுசாக இருந்தது. ஆசாரி புதிதாகக் கரிக்கோடு போட்டார். நெஞ்சை நடுவில் ஒதுக்கிவிட்டு, அதற்கு இரண்டு பக்கமும் ரேகை நிற்கிற மாதிரிக் குறுகல் பலகைகள் எடுக்கச் சொன்னார். நாலு வரவேண்டியது, வெடிப்பு ஓடிய ஒன்றைக் கழித்துவிட்டு மூன்று வந்தன. கதவுக்கு இரண்டரை அடி அகலம் வேண்டும். மூன்று குறுகலையும் சேர்த்தால் ஒன்றரை அடி. வேறு வழியில்லாமல் ஓர் அகலப் பலகையையும் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. மற்ற அகலப் பலகையை மாமனார், பேரனுக்கு ஆகும் என்று தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கழிவு போக எனக்கு நெஞ்சுக்கட்டை மிஞ்சியது.

அண்ணன் அளந்து கணக்குச் சொன்னார். எழுபத்திரண்டு சதுர அடி, கூலி இரண்டு ரூபாய் நாலணா. ஒரு அறுப்பில் இரண்டு முகம் வருகிறதே, இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டாரோ என்று எனக்குப் பயம். கோலை வாங்கி நானும் அளந்தேன். முதல் தடவை அறுபத்தெட்டு வந்தது, இரண்டாம் தடவை எழுபத்தொன்பது. அதற்குமேல் அளக்காமல், கையில் இருந்த ஒரு ரூபாய் இரண்டணாவைக் கொடுத்து, மிச்சத்தைச் சந்தை நாளில் தருவதாகச் சொன்னேன். சரி என்று ரம்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு மயிலம் பக்கம் நடந்தார்கள்.

பலகைகளை நிழலில் இடையில் குச்சி வைத்து அடுக்கி மூன்று மாசம் காயவிட வேண்டும் என்றார் ஆசாரி. நான் இரண்டு மாசம் பொறுத்தேன். வானூரிலிருந்து வந்தவர்கள் பிள்ளை சிரிக்கிறான் என்று சொன்ன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. ஆசாரி வந்து தட்டிப் பார்த்தார். போதும் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. பழைய நிலை ஒன்று கிடைத்திருந்தது. அதில் கதவை மாட்டினார். பத்து நாள் கதவு நன்றாகச் சாத்திக்கொண்டது. தினமும் இருபது தடவை சாத்திச் சாத்திப் பார்ப்பேன். அதனாலேயே கெட்டுவிட்டதோ என்றுகூடப் பிறகு யோசித்திருக்கிறேன்.

மழை வந்தது, அதன் பிறகு வெயில் அடித்தது. அகலப் பலகை பாக்குமட்டை மாதிரி வளைந்துவிட்டது. ஆசாரி சொன்னபடியே ஆயிற்று என்று நினைத்தேன். ஆனால் குறுகல் பலகைகளில் ஒன்றும் அடியில் முறுக்கிக்கொண்டு நின்றது. அதன் முனையைப் பார்த்தால் ரேகைகள் சிப்பாய் மாதிரி நேராக நிற்கின்றன. விழுப்புரம் போய் ஆசாரியைக் கேட்டேன். சில வேம்பு வளரும்போதே முறுக்கிக்கொண்டு வளரும், அது மரத்தின் குணம், அதற்குக் கோடு என்ன செய்யும் என்றார். அப்படியானால் கோட்டை அழித்ததால் ஒன்றும் கெட்டுவிடவில்லையா என்று கேட்டேன். கெட்டதுதான் என்றார்.

மாமனார் கதவைப் பார்க்க வந்த அன்று நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கதவைச் சாத்தினார். ஒரு விரல் போகிற இடைவெளி விட்டு நின்றது. கையை எடுத்ததும் மெதுவாகத் திறந்துகொண்டது. வளைந்திருந்தது அவர் ஆசைப்பட்ட பலகை. அதை நான் சொல்லவில்லை. அவர் தடவிப் பார்த்த விதத்திலேயே அவருக்கும் அது தெரிந்துவிட்டது என்று விளங்கியது. பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். முழங்காலால் முட்டுக் கொடுத்துச் சாத்தினார் போலிருக்கிறது. கதவு நிலையில் உட்கார்ந்தது, தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்து சொன்னார்: "உள்ள ஆளு இருந்தா சாத்திக்கிது மாப்ளே. ஆளு இல்லாதப்பதான் தொறந்துகினு நிக்கிது. அப்ப நாயி வந்தா இன்னா, பேயி வந்தா இன்னா. ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு வா, அழைச்சிக்கினு போ."

வானூர்ப் பக்கம் போனேன். அவர் வீட்டில் மற்ற அகலப் பலகையைத் தரையில் போட்டு, மேலே பழந்துணி விரித்து, பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பலகையைத்தான் பார்த்தேன், அதற்காக என் பெண்சாதி வெகுகாலம் என்னைப் பேசினாள். அந்தப் பலகை துளிகூட வளையவில்லை. நூல் பிடித்தாற்போலக் கிடந்தது. அதே மரம், அதே அறுப்பு, ரேகைகள் அப்படியே படுத்திருக்கின்றன. மேலே மூட்டை ஏதாவது ஏற்றி வைத்தீர்களா என்று மாமனாரைக் கேட்டேன். ஒன்றும் ஏற்றவில்லை, சுவரில் சாத்தி வைத்திருந்தேன் என்றார். சுவரில் சாத்தினால் இன்னும் அதிகமாக அல்லவா வளைய வேண்டும்? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

பச்சைப் பிள்ளையோடு அவளை அவ்வளவு தூரம் நடக்க வைக்க முடியாது. வண்டி பேசினேன். பாதிக் கூலியில் அதுவரை கொடுக்க முடியாமல், அறுப்புக்காரர்களுக்கென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முடிந்து வைத்திருந்த காசு வண்டிக்காரருக்குப் போனது. அடுத்த சந்தையில் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். அடுத்த சந்தைக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததற்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. பிறகு உலக யுத்தம் வந்தது. மரம் அறுக்கிறவர்கள் பலபேர் மலைக்காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். ஒரு வருஷம் பணத்தை எடுத்துக்கொண்டு கெடாருக்கே போனேன். மரம் அறுக்கிற அண்ணன் தம்பி என்று விசாரித்தால் மூன்று வீட்டைக் காட்டினார்கள். மூன்று வீட்டிலும் அண்ணன் தம்பிதான் இருந்தார்கள். ஒருவரும் அவர்கள் இல்லை. ஒரு வீட்டில் இருந்தவர், நாங்களாகவே இருந்துவிட்டுப் போகிறோம், கொடுங்கள் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்; ஆனாலும் கொடுத்துவிடுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தேன். எழுபத்திரண்டு சதுர அடி என்ற அவர்கள் அளவையே சரி என்று வைத்துக்கொண்டால், நான் தரவேண்டியது ஒரு ரூபாய் இரண்டணா.